உலகம்மாளின் முதல் ரவிக்கை

என் அக்கா உலகம்மாள் தன் நாற்பத்து நாலாவது வயதில்தான் முதன்முதலாக ரவிக்கை போட்டாள். ஆசைப்பட்டுப் போடவில்லை, பயந்து போட்டாள். அது தெரியாமல் ஊரில் சில பேர், பிள்ளைக்குக் கல்யாணம் செய்கிற வயதில் இவளுக்கு மினுக்குக் கேட்கிறதா என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். பேசினவர்கள் நன்றாக இருக்கட்டும். கூடவே இருந்தவள் நான், நடந்ததை நான் சொல்கிறேன்.

அக்காவை மேலகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது, என்னைத் தென்காசியில். நடந்து போய் வருகிற தூரம்தான். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அப்போது, முப்பத்தெட்டாம் வருஷம், சின்னப் பெண்கள்தான் ரவிக்கை போடுவார்கள். அக்கா வயதுக்காரிகள் எல்லாம் சேலையை மாராப்பாகச் சுற்றிக்கொண்டு, காதில் பாம்படம் ஆட, வெறும் தோளோடு நடமாடினவர்கள். அதில் அக்காவின் தோளும் கையும் ஊரறிந்தவை. அவ்வளவு பெரிய உடம்பு அவளுக்கு. அவள் தெருவில் நடந்து வந்தால் வண்டிக்காரன் மாட்டை ஓரம் கட்டுவான் என்று அவள் புருஷன் நல்லக்கண்ணு அத்தானே கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே, நீங்களும் ஒதுங்கி நில்லுங்க என்பாள்.

முந்தின ஐப்பசி மழையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மலையடிவாரத்தில் அது ஒன்றும் புதிதில்லை, வராதவர்கள்தான் குறைவு. கொயினா மருந்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு மழைக்காலம் முழுக்கப் பாயில் கிடந்தாள். தை பிறந்ததும் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது பாதி அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நானே அவளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எப்போதும் கட்டுகிற சேலை அவள் இடுப்பை இன்னொரு சுற்று சுற்றியது. கொசுவம் வயிற்றின் முன்னால் பொதியாக நின்றது. நடந்தால் அவிழ்ந்தது. மேல்கையில் தசை போய்த் தோல் மட்டும் தொங்கியது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக் குழியில் ஒரு கை அரிசி போடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம். அவள் வாயில் போட எனக்கு வேறொன்று தோன்றியது, சொல்லாமல் விடுகிறேன்.

இதோடு இருமல் வேறு. பெரிய இருமல் இல்லை. வறட்டு இருமல், பேச்சுக்கு நடுவே வந்து தட்டும். அக்கா ஒரு துண்டு சுக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அதை விழுங்கப் பழகியிருந்தாள். தொண்டை ஏறி இறங்குவதும் கண்ணில் நீர் முட்டுவதும் எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம்.

மாசியில் அவள் மகள் குழல்வாய்மொழியைப் பெண் கேட்டுப் பாவூர்ச்சத்திரத்திலிருந்து வந்தார்கள். பெண் நல்ல பெண், லட்சணமானவள், வேலைக்குச் சளைக்காதவள். வந்தவர்கள் பெண்ணைப் பார்த்ததைவிடத் தாயைத்தான் அதிகம் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்து, பொருத்தம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு துறையில் துணி துவைக்கையில் விஷயம் காதுக்கு வந்தது. தாய்க்காரிக்கு எலும்புருக்கியாம், அது அந்த வீட்டோடு போகாதாம், பெண்ணோடும் வருமாம்.

காசநோயை அப்போது எலும்புருக்கி என்போம், அந்தப் பேரைச் சொன்னாலே ஈரக்குலை நடுங்கும். அது வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நான் கூப்பிட்டேன். அங்கே என் தலை தெரிந்தால் போதும், ஊரே முடிவு கட்டிவிடும், என் பிள்ளை வாசலைத் தாண்ட மாட்டாள் என்று அக்கா மறுத்துவிட்டாள். அது உண்மையும்தான். எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. டாக்டர் வாயால் அந்தப் பேரைக் கேட்க அவளுக்கே பயம். எனக்கும் பயம்தான்.

வைகாசிக் கடைசியில் சுடலையாண்டி அண்ணாச்சி சுரண்டையிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அவர் எங்களுக்குத் தூரத்து உறவு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சந்தையில் கடை, கொஞ்சம் நிலம், பையன் ஒழுக்கமானவன். அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள் என்ற சேதி வந்த அன்றைக்கே அக்கா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏட்டி ஆவுடை, என்னையப் பாத்தா எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு."

நல்லாத்தான் இருக்கே என்றேன். என் மூஞ்சியைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நடுவீட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் அதட்டி எழுப்பி, முகம் கழுவ வைத்து, கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் கடைக்குப் போவது?

ரத வீதிக் கடையில் சேலைகளைப் பிரித்துப் போட்டார்கள். கடையநல்லூர்த் தறியில் நெய்த மாம்பழ நிறச் சேலை ஒன்று, மெல்லிசு, சின்னக் கரை. அதை அக்கா தோளில் ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். அத்தனை பாந்தமாக இருந்தது. அவள் வயதுக்கு ஏற்ற மாதிரியும் இருந்தது, முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. இதை எடுத்துக்கோ என்றேன். அவள் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மெல்லிசுட்டி, எலும்பு தெரியும்" என்று ஒதுக்கிவிட்டாள். கனத்த துணியில், அரக்கு நிறத்தில் பெரிய பெரிய கட்டம் போட்ட ஒன்றை எடுத்தாள். கட்டம் ஆளை அகலமாகக் காட்டும் என்பது அவள் கணக்கு. எனக்கு அது ஜமுக்காளம் போலத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அங்கிருந்து ஹைருன் பீவி வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குள்ளேயே கைமெஷின் வைத்துப் பெண்களுக்குத் தைத்துக் கொடுப்பவள். கை மணிக்கட்டு வரைக்கும் வேண்டும், கழுத்து தொண்டை வரைக்கும் ஏற வேண்டும், தோளிலும் மேல்கையிலும் உள்ளே பஞ்சு வைக்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். ஹைருன் பீவி அளவு நாடாவை வைத்து அக்காவின் மேல்கையை இரண்டு தரம் அளந்தாள். பிறகு, கையை முழங்கைக்கு மேலே நிறுத்தி மெல்லிசுத் துணியில் தைத்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பார்க்கிறவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் ரவிக்கையே என்று அக்கா சொன்னதும், அவள் வேறு கேட்காமல் வெட்ட ஆரம்பித்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று அக்காவை நான்தான் உடுத்திவிட்டேன். இடுப்பில் அத்தானின் பழைய வேட்டியைச் சுற்றி, அதற்கு மேல் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கட்டச் சேலை, மேலே பஞ்சு வைத்த ரவிக்கை. வேர்த்துக் கொட்டியது. கன்னத்தில் சுக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய அக்காதான். பக்கத்தில் வந்தால் பெரிய துணிமூட்டையின் மேல் சின்ன முகம்.

மாப்பிள்ளையின் அம்மா சந்தனமாரி நெட்டையான மனுஷி. அதிகம் பேச மாட்டாள், பார்ப்பாள். பெண்ணை அவளுக்குப் பிடித்துவிட்டது. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் அவள் கையைப் பிடிக்க வந்தாள். அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சந்தனமாரியின் கண் ரவிக்கையின் அந்த நீளக் கையிலேயே நின்றது, பிறகு கழுத்துக்கு ஏறியது, பிறகு விரல்களுக்கு இறங்கியது.

இரண்டு நாள் கழித்துச் சுடலையாண்டி அண்ணாச்சி வந்தார். பெண் பிடித்திருக்கிறது, ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிடலாம், சாரல் நன்றாக விழுகிறதாம், இரண்டு குடும்பத்துப் பொம்பிளைகளும் குற்றாலத்தில் சேர்ந்து குளித்துவிட்டுக் குற்றாலநாதர் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாள் சொல்கிறாள் என்றார். அத்தான் சந்தோஷப்பட்டார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

நான் அண்ணாச்சியைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், அருவி எதற்கு, உள்ளதைச் சொல்லும் என்று பிடித்துக்கொண்டேன். மனுஷன் மென்று விழுங்கினார். இத்தனை வயதுக்கு மேல் ஒருத்தி திடீரென்று கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடிக்கொள்கிறாள், தொட்டால் கையை இழுக்கிறாள் என்றால் என்ன நினைப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் குரலை இறக்கிச் சொன்னார்.

"பெருவியாதியா இருக்குமோன்னு அந்தம்மா நெனைக்குதா, தாயி. மேலு முழுக்கப் பாத்தாத்தான் மேக்கொண்டு பேச்சாம்."

நாங்கள் எலும்புருக்கியை மறைக்கப் போய்ப் பெருவியாதியை வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். கையும் காலும் அழுகுகிற குஷ்டம். ஒன்றுக்கு வாசலோடு நிற்பார்கள் என்றால், மற்றதற்குத் தெருவோடு நின்றுவிடுவார்கள். அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவள் ரொம்ப நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடுவோமா என்று கேட்டேன். சொன்னால் அந்தப் பேர் நிலைத்துவிடும் என்றாள். போனால் உடம்பு தெரிந்துவிடுமே என்றேன். போகாவிட்டாலும் தெரிந்த மாதிரிதான் என்றாள். அத்தானிடம் கேட்டதற்கு, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஆம்பிளைகளுக்கு இப்படிப்பட்ட நேரத்தில்தான் வயலில் தண்ணீர் பாயும். கடைசியில் அக்காவே, போவோம் என்றாள். புறப்படுகிற நாள் வரைக்கும் அவள் சரியாகச் சோறு தின்னவில்லை. இருந்த சதையும் போயிற்று.

ஆனி கடைசி வாரம், வண்டி கட்டிக்கொண்டு போனோம். சாரல் முகத்தில் அடித்தது. பெரிய அருவியின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. வழியெல்லாம் குழல்வாய்மொழி சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா அதே ரவிக்கையோடு உட்கார்ந்து, கன்னத்துச் சுக்கை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கை என் கைக்குள் இருந்தது. சில்லென்று இருந்தது.

பெண்கள் பக்கத்துப் பாறையில் சந்தனமாரி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அருவியில் நிற்பதற்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம், ஒருத்திக்கு ஒருத்தி முதுகு தேய்த்து விடுவோம். அதைச் சொல்லித்தான் அவள் கூப்பிட்டாள்.

"ரவிக்கையக் கழட்டுங்க மைனி. எண்ணெ தேக்கணும்லா."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? அவள் திரும்பி நின்று பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கையை உருவுகையில் உள்தையல் பிரிந்து, பஞ்சு கொத்தாக வெளியே வந்து பாறையில் விழுந்தது. வழிந்தோடிய தண்ணீர் அதை நனைத்து எங்கள் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனது. சந்தனமாரி அதைப் பார்த்தாள்.

அக்கா மாராப்பை இறுக்கிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். தோள் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. சந்தனமாரியின் எண்ணெய்க் கை முதுகில் ஊர்ந்தது. விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டது. பிடரிக்குப் போனது. பாம்படத்தை ஒதுக்கிக் காது மடலை நசுக்கிப் பார்த்தது. புருவத்தைத் தடவியது. கடைசியில் அக்காவின் கையை எடுத்து விரல் விரலாக அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று நகத்தால் லேசாகக் கிள்ளியது. அக்கா வலித்து இழுத்தாள். அதைப் பார்த்ததும் சந்தனமாரியின் முகம் இளகியது.

"ஒண்ணுமில்லையே. பெறவு எதுக்கு மைனி இப்படிப் பொத்திக்கிட்டு இருந்தீங்க?"

பதில் சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. அவள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். ஒரு தரம் விழுங்கினாள், இரண்டாந் தரம் முடியவில்லை. சடாரென்று எழுந்து, வழுக்குகிற பாறையில் தடுமாறி, அருவிக்குள் போய் நின்றுகொண்டாள்.

அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தலையில் கொட்ட, சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ள, அவள் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோள் குலுங்கியது, முதுகு குலுங்கியது. மாதக்கணக்காக அடக்கி வைத்ததை எல்லாம் அங்கே நின்று இருமினாள். யாரும் அறியவில்லை என்று நினைத்துக்கொண்டு இருமினாள். சந்தனமாரி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தப்பித்துவிட்டோம் என்ற சிரிப்பு. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சந்தனமாரி தன் மூட்டையிலிருந்து ஒரு சேலையை எடுத்தாள். துவைத்துத் துவைத்து மெலிந்த சந்தன நிறத்துச் சேலை, அவள் மாற்றிக் கட்டக் கொண்டுவந்தது. அதை அக்காவுக்குச் சுற்றி, கொசுவத்தைத் தானே அளவாக மடித்துச் சொருகி, மாராப்பைத் தோளில் போட்டுவிட்டாள். மெலிந்த உடம்பு மெலிந்த உடம்பாகவே தெரிந்தது. அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வருஷத்தில் முதல் தடவையாக அக்கா பார்க்கிற மாதிரி இருந்தாள். தலைப்பைச் சரிசெய்தபடியே சந்தனமாரி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அக்காவுக்கும் இந்த இருமல்தான் மைனி. ஊரு சொல்லும்னு நாங்க மூடி வச்சோம். போர்வையப் போட்டு மூடி, கதவைப் போட்டு மூடி, கடைசில மண்ணப் போட்டு மூடினோம்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அவ மகளை அதச் சொல்லியே ஒருத்தனும் கட்டல. இன்னைக்கும் எங்க வீட்டுலதான் இருக்கா. அதனால சொல்லுதேன், ஆவணில கல்யாணம், அதுல மாத்தமில்ல. ஒங்களுக்கு அதுதான்னு சொன்னாலும் மாத்தமில்ல. ஆனா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்த வாரமே போகணும்."

கோயிலுக்குப் போய்ப் பூ வைத்தார்கள். குழல்வாய்மொழி தலைகுனிந்து நின்றாள். அக்கா எல்லாச் சடங்கையும் செய்தாள். திரும்பி வருகையில் வண்டியில் என் காதோரம் வந்து, மகளுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சுல்லா? அப்ப இது அதுதானாட்டி?"

எனக்கு எப்படித் தெரியும்? இல்லக்கா, குளிர்காய்ச்சலோட மிச்சம்தான், ஒன்றும் இருக்காது என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. இத்தனை நாளும் மகள் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்துக்குப் பின்னால் அந்த இன்னொரு பயத்தை அவள் ஒளித்து வைத்திருந்தாள். முன்னால் நின்றது போனதும் பின்னால் நின்றது அப்படியே தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அவளைக் கூப்பிடப் போனேன். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ரவிக்கை. பஞ்சு போன இடம் தொளதொளவென்று கிடந்தது. போட்டுக்கொள்ளவா என்று என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் எப்படியும் கழற்றத்தான் சொல்வார்கள் என்றேன். அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுச் சந்தனமாரியின் சேலையைக் கட்டிக்கொண்டாள். நல்லக்கண்ணு அத்தான் வாசல்வரை வந்தார். அக்காவின் மாராப்பை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேலகரத்துக்காரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளை இடித்தாள். நான் அவர்களை ஒரு முறை முறைத்தேன். அக்கா பார்க்காதது போல நடந்து போனாள், ஆனால் அவள் நகம் என் கையில் பதிந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காய்ச்சல் எப்போது வந்தது, எப்படி மெலிந்தாள் என்றெல்லாம் கேட்டார். பிறகு அக்காவைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் குழாயை வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிமிட்டவில்லை.

"கொஞ்சம் இருமுங்கம்மா" என்றார் டாக்டர்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது. கன்னத்தில் சுக்கு இருப்பது எனக்குத் தெரிந்தது. இருமலாமா என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள். திறந்திருந்த கதவுக்கு வெளியே அந்த இரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவள் வாய்க்கு நேரே என் கையை நீட்டினேன். அவள் சுக்கை என் உள்ளங்கையில் துப்பினாள்.

"இருமுக்கா" என்றேன்.

வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி இருமினாள்.